தாய் டெம்ப்ளேட்டில் ஒரு கதவு

நெய்தல் நகரில் ஒருநாள் விடிந்தபோது எல்லா வீட்டுப் பின்சுவரிலும் ஒரு கதவு இருந்தது. முந்தின நாள் படுக்கப் போனபோது இல்லை. கொத்தனார் வரவில்லை, கடப்பாரைச் சத்தம் கேட்கவில்லை. சுவர் தானாக வழிவிட்டிருந்தது. இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்று இங்கே இன்றும் பேசிக்கொள்கிறார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கதவு. இருநூறு வீட்டுக்கும் சேர்த்து நான் கேட்கவில்லை.

என் பெயர் தொம்மை. தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டியவன். கடல் எங்கள் தெருவைத் தின்றுவிட்டுப் பக்கத்துத் தெருவைப் பார்க்க ஆரம்பித்ததும், அரசாங்கம் எங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து பழைய உப்பளத் தரையில் இந்த நகரைக் கட்டிக் குடிவைத்தது. வீடு என்றால் செங்கல் வீடு இல்லை. அரிசிமணி அளவில் கறுப்பு உருளைகள் கோடிக்கணக்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், அதுதான் சுவர். கம்ப்யூட்டரில் சொன்னால் பிடியை விட்டு ஓடி வேறு மாதிரி நிற்கும். மிச்சமான உருளைகள் தரைக்கு அடியில் உள்ள பள்ளத்துக்குள் போய்விடும். தினமும் விடியும் முன்னால் சுவரெல்லாம் ஒருமுறை தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அப்போது மூட்டையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி சத்தம் வரும்.

கரண்டு போனால் தலையில் விழாதா என்று வந்த அன்றே கேட்டேன். கரண்டு போனால் இன்னும் இறுகும், நகரும் வழியில் ஆள் இருந்தால் அசையவே அசையாது என்றார்கள். நான் நம்பவில்லை. மழைக்காலம் வரும்வரை வாசலில் கட்டில் போட்டுத்தான் படுத்தேன்.

வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாக இருக்கும். என் வீட்டு வாசல் கிழக்குத் தெருவில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் ஜெசிந்தா வீடு. அதன் வாசல் மேற்குத் தெருவில். அவள் அம்மியில் தேங்காய் அரைத்தால் எங்களுக்குக் கேட்கும். ஆனால் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வரிசை முழுக்க நடந்து, முனையில் திரும்பி, மறுபடி அதே தூரம் வர வேண்டும். என் மனைவி இன்னாசியம்மாளுக்கு மூட்டு தேய்ந்துபோயிற்று. ஜெசிந்தாவுக்கு நிறை மாதம், கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்னாசியம்மாள் ஒரு கையில் கஞ்சித் தூக்கும் மறுகையில் கம்புமாக அந்தச் சுற்றுச் சுற்றி வருவாள். வந்ததும் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசமாட்டாள். வலித்தால் பேசாமல் இருப்பது அவள் வழக்கம். வலிக்காதபோது வாய் ஓயாது.

கஞ்சியை நான் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். போகமாட்டேன். அந்த வீட்டில் ராயப்பன் இருக்கிறான். மருமகன். ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் லாரி முதலாளியிடம் போய், மாமாவுக்குக் கண் சரியில்லை, வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னவன். நான் உரசியது ஒரு ஆட்டை. அந்த ஆடு இன்றைக்கும் நன்றாக மேய்கிறது. அன்றிலிருந்து நான் அவனிடம் பேசுவதில்லை, அவன் வாசலை மிதிப்பதும் இல்லை.

ஆக, பின்சுவரில் ஒரு கதவு வேண்டும். அதைக் கேட்கத்தான் நகர் முனையில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போனேன்.

அங்கே ஃபாஹிமா என்று ஒரு பிள்ளை. காயல்பட்டினத்துப் பெண். நகரின் எல்லா வீடும் அவளுடைய ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஊரில் பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்குள் புகுந்து வீடு போய்விடுவார்களாம், அவளுடைய உம்மா வீட்டிலிருந்து சாச்சி வீட்டுக்கு அப்படித்தான் வழியாம். இந்த வீடுகளை முதலில் பார்த்தபோதே பின்னால் ஏன் வழி இல்லை என்று அவள் யோசித்தாளாம். யோசித்தவள் வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். முடியாது என்று சொல்லி, ஏன் என்று விளக்கினாள்.

"ஐயா, ஒரு வெப்சைட்ல ஆயிரம் பக்கம் இருந்தாலும் மேல இருக்கிற பேரும் கீழ இருக்கிற விலாசமும் ஒண்ணுதான். அதை ஆயிரம் தடவை எழுத மாட்டோம். ஒரே ஒரு தடவை எழுதி வெச்சுக்குவோம். அதுதான் தாய் டெம்ப்ளேட். நடுவுல, இங்க நீங்க வேண்டியதை நிரப்பிக்கோங்கன்னு காலியிடம் விட்டிருப்போம். அதுக்கு பிளாக்குன்னு பேரு. உங்க வீடும் அப்படி ஒரு பக்கம்தான்."

"என் வீடு வீடு, பிள்ள. பக்கம் இல்ல."

அவள் கோபப்படவில்லை. இந்தக் கம்பெனி முதலில் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்ததாம். வீட்டு டெண்டர் கிடைத்ததும் புதிதாக எதையும் படிக்காமல், தெரிந்த பி.எச்.பி. என்ற பழைய பாஷையிலேயே சுவரையும் எழுதிவிட்டார்களாம். அதனால் கூரையும் தரையும் தாயில் இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்று. நிறம், ஜன்னல், அலமாரிக்கு பிளாக் விட்டிருக்கிறார்கள், அவரவர் மாற்றிக்கொள்ளலாம். பின்சுவருக்கு பிளாக் விடவில்லை. ஏன் விடவில்லை என்றேன். எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை என்றாள். சென்னையில் அடுக்குமாடியில் இருந்து எழுதியிருப்பார்கள், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஒரு குறுக்குவழி இருக்கிறது என்றும் சொன்னாள். தாயில் இருக்கும் சுவர் ஃபைலை அப்படியே நகல் எடுத்து என் வீட்டுக் கணக்கில் போட்டு, அந்த நகலில் மட்டும் கதவை எழுதலாம். கம்ப்யூட்டர் முதலில் வீட்டுக் கணக்கில் தேடும், அங்கே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால்தான் தாயிடம் போகும். தாயைத் தொடவே வேண்டாம்.

எனக்கு அது பிடித்திருந்தது. அவள் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து கேட்டாள். மகள் சரி என்றாள். அவள் புருஷன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அன்று மதியம் முழுக்க ஃபாஹிமா தட்டிக்கொண்டே இருந்தாள். நான் வீட்டில் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போன் செய்து, கதவு வந்ததா என்பாள். வரவில்லை என்பேன். இப்போது? இல்லை. அந்தி சாயும் நேரத்தில், நாளைக்குப் பார்க்கிறேன் ஐயா என்று குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள். இவர்கள் எல்லாம் இப்படித்தான் என்று நான் இன்னாசியம்மாளிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடியும் முன் அரிசி கொட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. எழுந்து பார்த்தால் பின்சுவரில் கதவு. நிலை, கீல், கைப்பிடி, கீழே நான்கு விரல் உயரத்துக்கு வாசற்படி. நான் கைப்பிடியைத் தொடும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து திறந்தது. ராயப்பன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இன்னாசியம்மாள் எங்கள் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு நேரே மகள் கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் கதவு ஒழுங்காகத்தான் நிற்கிறதா என்று கீலை ஆட்டிப் பார்த்தேன்.

அதற்குள் வெளியே சத்தம்.

வரிசை முழுக்கக் கதவு. நகர் முழுக்கக் கதவு. ஆறுமுகத்தின் வீட்டு ஆடு பின்வீட்டு அடுப்படிக்குள் புகுந்து கீரைக் கட்டைத் தின்றுகொண்டிருந்தது. எதிர் வரிசையில் பத்திரம் எழுதும் ஞானதிரவியம் துண்டோடு நிற்கையில் பின்வீட்டுக்காரி சீனி கேட்டு வந்துவிட்டாள். அவர் அலறியதைவிட அவள் அதிகம் அலறினாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கிழக்குத் தெருவில் நுழைந்து மேற்குத் தெருவில் வெளியே வந்து, அடுத்த வீட்டில் நுழைந்து கிழக்கே வந்து, நகர் முழுக்க ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் எதையாவது தின்றார்கள். காலை ஆகாரத்துக்கு எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஃபாஹிமா ஓடிவந்தாள். செருப்புகூடப் போடவில்லை. என்னைத் தாண்டி, சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, கடைசி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அது பிலோமியின் வீடு. அவள் புருஷன் போன வருஷம் கடலில் போய்விட்டான். பின்வீட்டில் இருப்பவன் அவனுடைய அண்ணன். குடித்துவிட்டு வந்து தொல்லை கொடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. பிலோமி அந்தப் புதுக் கதவுக்கு எதிரே அருவாமனையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அலமாரியை இழுத்துக் கதவில் சாய்த்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் முதுகுக்குப் பின்னால்.

"இந்தச் சுவரு வந்த பெறகுதாங்க நான் தூங்குனேன்" என்றாள்.

ஃபாஹிமா அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பிலோமி வீட்டுக் கணக்கில் மட்டும் பழைய சுவரின் நகலைப் போட்டு, அந்த ஒரு வீட்டை மட்டும் புதுப்பித்தாள். உருளைகள் ஓடிவந்து கதவை மூடின. பிலோமி எழுந்து சுவரில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். இன்னொரு தட்டு. அப்புறம்தான் அருவாமனையைக் கீழே வைத்தாள். என்னோடு வந்து எட்டிப்பார்த்த ஆட்களில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த யாரும் அப்போது சிரிக்கவில்லை. ஆறுமுகம் போய் அந்த அண்ணன்காரனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அதன்பிறகு அந்த ஆள் அந்த வரிசையில் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது என்னதான் செய்தாய் என்று ஃபாஹிமாவிடம் கேட்டேன்.

"நகல்ல கதவு எழுதினேன் ஐயா, வரல. நாம எழுதினதைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை படிச்சுத் தயார் பண்ணி ஓரமா வெச்சுக்கும். மறுபடி கேட்டா, புதுசாப் படிக்காம அந்தப் பழையதையே எடுத்துக் காட்டும். அது எனக்குத் தெரியும், ஆனா அந்த நேரத்துல மறந்துட்டேன். ஒருவேளை தாயில எழுதினாத்தான் வருமோன்னு அங்கயும் எழுதிப் பார்த்தேன். அதுவும் வரல. நகலை அழிச்சேன், மறுபடி எழுதினேன், தாயில எழுதினதை எடுக்க மறந்துட்டேன். விடியறப்போ அது ஓரமா வெச்சிருந்த பழசையெல்லாம் துடைச்சிட்டுப் புதுசாப் படிச்சிருக்கு."

"படிச்சவங்க செய்ற தப்பு எல்லாம் இவ்வளவு பெருசாத்தான் இருக்குமா?"

"பிளாக் விடாம எழுதினது அவங்க தப்பு. ஒருத்தர் கேட்டதை எல்லாரு தலையிலயும் நிரப்பினது என் தப்பு" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று பொழுது ஏற ஏறத்தான் வேடிக்கை. மூடச் சொல்லி ஆபீசுக்குப் போன கூட்டம் பாதி வழியில் கரைந்துவிட்டது. முதுகோடு முதுகு ஒட்டி இருந்தும் ஒருவரையொருவர் முகம் பார்த்திராதவர்கள், நீங்கள்தானா இந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு அடுப்படியில் இரண்டு குழம்பு வைத்தவர்கள் ஒரு வீட்டில் குழம்பும் மறுவீட்டில் சோறுமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஞானதிரவியம் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பின்வீட்டுக்காரிக்குச் சீனி கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு இதெல்லாம் இரண்டு நாள் கூத்து என்றுதான் பட்டது. யாருக்கு யார் எத்தனை நாள் இனிப்பார்கள்?

ஆனால் மதியம் ஒன்று நடந்தது. இன்னாசியம்மாள் இங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாக ஜெசிந்தா முனகுவது கேட்டது. கூப்பிடக்கூட இல்லை, முனகல்தான். கழுவிய கையோடு இவள் போய்விட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. ஆட்டோவைப் பிடித்து ஏற்றினோம். ராயப்பன் வேலை செய்யும் இடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். இவளும் போவேன் என்றாள், மூட்டு விடவில்லை, நான் தடுத்துவிட்டேன். சுவர் இருந்திருந்தால் அந்த முனகல் கேட்டிருக்குமா என்று அன்று சாயங்காலம் முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கதவு நிலைக்க வேண்டும் என்பது அதுவரை எனக்கு வெறும் கௌரவம், அப்போதுதான் அது தேவையாயிற்று. பிள்ளை பெற்றுவிட்டு வருகிறவளுக்குப் பத்தியச் சோறு, வெந்நீர், பிள்ளை குளிப்பாட்டல். எல்லாம் இவள் கையால் நடக்க வேண்டும். கதவு போனால் இவள் வரிசையைச் சுற்ற வேண்டும். இவளால் இனிச் சுற்ற முடியாது.

சாயங்காலம் மதுரையிலிருந்து கம்பெனி மேனேஜர் திவாகர் வந்தார். கூட்டம் போட்டார். நாளை விடியலில் தாய் டெம்ப்ளேட் பழையபடி ஆகிவிடும், மன்னிக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் பாதி வேண்டாம் என்றது, பாதி வேண்டும் என்றது. அப்போது ஃபாஹிமா எழுந்து, பழையபடியே திருப்ப வேண்டாம் என்றாள். தாயில் சுவர்தான் இருக்கட்டும், ஆனால் அந்த இடத்தில் ஒரு பிளாக் விட்டுவிடலாம் என்றாள். எதுவும் சொல்லாத வீட்டுக்குச் சுவரே வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சம்மதித்தால் அந்த இடத்தில் கதவு வைக்கலாம், ஜன்னல் வைக்கலாம், என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், ஒன்றும் வைக்காமலும் விடலாம். பிலோமி மாதிரி ஆட்களை யாரும் கேட்கவே வேண்டாம். மேனேஜர் அவளை முறைத்தார். ஆனால் கூட்டம் கைதட்டிவிட்டது, அவரும் ஒத்துக்கொண்டார். சம்மதத்தைப் போனில் அமுக்கி அனுப்ப வேண்டும், விடியும் முன் வராத வீட்டுக்குச் சுவர் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எல்லோரும் அங்கேயே நின்று அமுக்கினார்கள். நானும் அமுக்கினேன். முதலில் சுவர் என்று இருந்தது, அடுத்தது கதவு. கதவை அமுக்கிவிட்டுப் போனை மடித்துப் பையில் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், எதிர்ப்பக்கம் ஒத்துவரவில்லை என்று பெரிய சிவப்பு எழுத்தில் கிடந்தது, அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை.

ஜெசிந்தா பிரசவ அறையில். போன் ராயப்பனிடம். ஆக, அவன்தான் ஒத்துவரவில்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. லாரியைப் பறித்தவன் கதவையா விடுவான்? அவனுக்குப் போன் போடச் சொல்லி இன்னாசியம்மாள் கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். அவளே போட்டாள், எடுக்கவில்லை. பிள்ளை பிறக்கிற நேரத்தில் எப்படி எடுப்பான் என்று அவனுக்குப் பரிந்து பேசினாள். நான் வேறு வழி யோசித்தேன்.

நகரும் வழியில் ஆள் இருந்தால் சுவர் அசையாது என்று வந்த அன்றே சொன்னார்கள் அல்லவா. விடியும் முன் எழுந்து, கதவைத் திறந்து, நட்ட நடு வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முன்கால் இரண்டும் என் வீட்டில், பின்கால் இரண்டும் அவன் வீட்டில்.

நேரம் வந்தது. அரிசிச் சத்தம் தொடங்கி உடனே நின்றது. அடுத்து போன் அடித்தது. ஃபாஹிமா.

"ஐயா, உங்க வீட்டுல யாரோ வாசல்ல இருக்காங்க. வரிசை முழுக்க நிக்குது."

"நான்தான் இருக்கேன். நின்னா நிக்கட்டும்."

ஒரு வீடு தடங்கினால் வரிசையே தடங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். ஆறுமுகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பெரியவரே, எங்க வீட்டுக் கதவ விடியக் கருக்கல்ல கோணலா நிப்பாட்டிட்டீரே, மூடவும் முடியல, திறக்கவும் முடியல, ஆடு பாதி இங்கிட்டும் பாதி அங்கிட்டுமா நிக்கு என்றான். ஞானதிரவியம் சட்டம் பேசினார். இன்னாசியம்மாள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். திட்டிக்கொண்டே கொடுத்தாள்.

அப்போது எனக்குப் பின்னால் மேற்குத் தெருக் கதவு திறந்தது. ராயப்பன். கசங்கின சட்டை, கையில் காலிப் பிளாஸ்க். என்னைத் தாண்டி இன்னாசியம்மாளைத்தான் பார்த்தான்.

"அத்த, பொண்ணு. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ."

இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வாசல் கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். எனக்கும் எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சுவர் வந்துவிடும்.

"எந்திரிங்க மாமா" என்றான். "ஊரே காத்துக் கெடக்கு."

இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் அவனிடம் பேசியது அடுத்தது.

"நீ சம்மதத்த அமுக்கு. எந்திரிக்கேன்."

"நான் நேத்தே அமுக்கிட்டேன்."

"பொய் சொல்லாத. எதிர்ப்பக்கம் ஒத்துவரலன்னு என் போன்ல கெடக்கு."

"என் போன்லயும் அதேதான் கெடக்கு."

போனை நீட்டினான். வாங்கிக் கையை எட்ட நீட்டிப் பார்த்தேன். எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. அவன் அதை வாங்கி, இரண்டு விரலை வைத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். உங்கள் பக்கம்: ஒன்றும் வேண்டாம். எதிர்ப்பக்கம்: கதவு.

"ஒண்ணும் வேண்டாமா? அப்போ கதவு வேண்டாங்கிறதுதான?"

"சுவரே வேண்டாம்னு கொடுத்திருக்கேன் மாமா."

எனக்குப் புரியவில்லை. அவன் குனிந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே இருந்த வாசற்படியைக் கையால் தட்டினான்.

"நேத்துக் காலையில அத்த இதுல ரெண்டு தடவ தடுக்குனாவ. ரெண்டாவது தடவ கஞ்சிச் சட்டியோட. நான் புடிச்சேன். நீங்க அந்நேரம் கீல ஆட்டிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. படி இல்லாத கதவு வைக்க முடியுமான்னு ஃபாஹிமாட்ட போன்ல கேட்டேன். டெம்ப்ளேட்ல கதவுன்னா படியோடதான் வருமாம். ஒண்ணுமே எழுதாம பிளாக்க வெறுமன விட்டா, சுவரும் வராது, படியும் வராதுன்னாவ. அதான் கொடுத்தேன். உங்க பக்கமும் அதையே அமுக்கினாத்தான் நடக்கும்."

நான் இன்னாசியம்மாளைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். தடுக்கினதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வலித்தால்தான் அவள் பேசமாட்டாளே.

வாசலில் நின்ற கூட்டத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சுவரு இல்லன்னா உன் கொறட்ட எனக்குக் கேக்கும்" என்றேன்.

"உங்க கொறட்ட சுவரு இருக்கும்போதே எங்களுக்குக் கேக்கு மாமா."

ஆறுமுகம் ஜன்னலில் தொங்கிக்கொண்டே சிரித்தான். இன்னாசியம்மாளும் சிரித்துவிட்டாள். நான் என் போனை எடுத்தேன். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் தாண்டிக் கீழே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் அது இருந்தது. அமுக்கினேன். சிவப்பு எழுத்து போய்ப் பச்சை எழுத்து வந்தது. அந்தப் பச்சையை நம்பாமல் அவன் போனையும் வாங்கி ஒருமுறை பார்த்தேன். அங்கேயும் பச்சைதான்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாக நகர்ந்தேன். அவன் அவன் பக்கமாக நகர்ந்தான்.

முதலில் வரிசையின் தூரக் கோடியில் சத்தம் கேட்டது. வீடு வீடாக நெருங்கி வந்தது. ஆறுமுகத்தின் ஆடு விடுதலையாகிக் கத்தியது. பிறகு எங்கள் முறை. நிலையும் கதவும் இளகின. கூரைக்கு அடியிலிருந்து சுவர் மெதுவாக உதிர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் உப்புக் குவியல் கரைகிற மாதிரி, மேலிருந்து கீழாக, அந்தப் பக்கத்து ஃபேன் தெரிந்தது, மாதா படம் தெரிந்தது, கொடியில் கிடந்த அவன் லுங்கி தெரிந்தது. உருளைகள் பள்ளத்துக்குள் ஓடி முடிந்ததும், அவன் வாசல் வழியாக மேற்குத் தெருவும் என் வாசல் வழியாகக் கிழக்குத் தெருவும் தெரிந்தன. காற்று ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நேராகப் போயிற்று.

இன்னாசியம்மாள் கம்பை ஊன்றி நடந்தாள். படி இருந்த இடத்தில் பழக்கத்தில் காலைத் தூக்கப் பார்த்தாள். தூக்க ஒன்றும் இல்லை. கம்பால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு நேரே நடந்துபோய் மகளுடைய அடுப்படியில் நின்று, திறந்து கிடந்த மல்லிப்பொடி டப்பாவை மூடினாள்.

"பிள்ள பெத்தவளுக்கு வெந்நி வேணும், கஞ்சி வேணும்" என்றாள். "ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டு இருக்காம ரெண்டு அடுப்பையும் பத்தவைங்க."

ராயப்பன் அந்த அடுப்பைப் பற்றவைத்தான். நான் இந்த அடுப்பைப் பற்றவைத்தேன். தீப்பெட்டி என் பக்கத்தில் இல்லை, அவன்தான் அங்கிருந்து எறிந்தான்.